வானமும் பஞ்சாங்கமும்

(வேப்பம்பட்டில் நடைபெற்ற கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் இங்கே நீண்ட பிரசங்கம் செய்வதாக வரவில்லை. வானத்தைப் பற்றி உங்களுக்கு என்னென்ன சந்தேகமுண்டோ அதைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள் என்று இவ்வூர் வாலிபர்கள் முன்னமேயே வீடுவீடாகச் சொல்லியிருந்தார்களாம். அதன் பயனாக ஒரு துணிப்பை நிறையச் சீட்டுகள் வந்திருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் எழுதினவையும் உண்டு, பெண்கள் எழுதினவையும் உண்டு. ஒன்றிரண்டு நம்மை மடக்க வேண்டுமென்றே எழுதப்பட்டவை என்பதும் பார்த்தவுடன் தெரிகிறது. அவற்றுக்குத்தான் நாம் அதிகமாக நன்றி செலுத்தக் கடமைப்பட்டிருக்கிறோம். ஏனெனில், கேள்வி கேட்டால் கண் அவிந்துபோகும் என்று சொல்லியே வளர்க்கப்பட்ட மக்கள் நாம். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. வானம் எல்லோர் தலைக்கு மேலும் இருக்கிறது. அதைப் பார்க்க யாருக்கும் தட்சிணை கொடுக்க வேண்டியதுமில்லை.

முதல் சீட்டு. “பூமி வெகு வேகமாகச் சுற்றுகிறது என்கிறீர்களே, அப்படியானால் நமக்கு ஏன் தெரியவில்லை? கிணற்றுத் தண்ணீர் ஏன் வெளியே கொட்டவில்லை?”

வேப்பம்பட்டு இருக்கிற இடத்தில் பூமியைச் சுற்றிக் கிழக்கு மேற்காக ஒரு கயிறு கட்டினால், அதன் நீளம் ஏறக்குறைய 39,000 கிலோமீட்டர் வரும். அந்தத் தூரம் முழுவதையும் நாம் ஒரே நாளில் கடந்துவிடுகிறோம். அதாவது மணிக்குச் சுமார் 1,600 கிலோமீட்டர். நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போதும் இந்த வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டுதான் இருக்கிறீர்கள். தெரியாததற்குக் காரணம் என்னவென்றால், மனிதனுடைய உடம்புக்கு வேகம் தெரியாது; வேகம் மாறுவதுதான் தெரியும். அரக்கோணம் வண்டி புறப்படும்போது ஒரு இழுப்பு இழுக்கிறது. நிற்கும்போது ஒரு தள்ளுத் தள்ளுகிறது. நடுவில் ஒரே சீராக ஓடும்போது உங்கள் கையிலுள்ள டீ சிந்துவதில்லை. பூமி கோடானுகோடி நாளாக ஒரே சீராகச் சுற்றுகிறது. இழுப்புமில்லை, தள்ளுமில்லை. கிணற்றுத் தண்ணீரும் நம்முடனேயே சுற்றுகிறது.

இன்னொன்று. ஸ்டேஷனில் நம் வண்டி நிற்கும்போது பக்கத்து வண்டி புறப்பட்டால், நம் வண்டிதான் புறப்பட்டது என்று ஏமாறாதவர் இக்கூட்டத்தில் யாராவது உண்டா? சூரியன் கிழக்கே உதித்து மேற்கே போகிறான் என்பதும் இந்த ஏமாற்றம்தான். கி.பி. 499 இல் ஆரியபட்டர் என்பவர் இதையே சொன்னார். ஓடத்தில் போகிறவனுக்குக் கரையிலுள்ள பொருள்கள் பின்னால் ஓடுவதாகத் தோன்றுவதுபோல் நட்சத்திரங்கள் மேற்கே போவதாக நமக்குத் தோன்றுகிறது என்றார். அதன்பின் சுமார் 130 ஆண்டு கழித்து வந்த பிரமகுப்தர் என்ற பெரிய கணிதர், பூமி சுற்றினால் உயரமான பொருள்களெல்லாம் ஏன் விழுந்துவிடவில்லை என்று கேட்டு ஆரியபட்டரைக் கண்டித்தார். ஆகவே இந்தச் சீட்டை எழுதிய தோழர் வெட்கப்பட வேண்டியதில்லை. பிரமகுப்தர் கேட்டதையே கேட்டிருக்கிறார்.

அடுத்து ஒரு பள்ளிக்கூடப் பையன் எழுதியிருக்கிறான்: “நண்பகலில் சூரியன் தினமும் தலைக்கு நேர் மேலேதானே இருக்கிறது?”

இல்லை தம்பி. இவ்வூரில் வருஷத்துக்கு இரண்டே நாள்தான், ஏப்ரல் 24 ஆம் தேதியை ஒட்டி ஒரு நாள், ஆகஸ்டு 18 ஆம் தேதியை ஒட்டி ஒரு நாள். அன்று 12 மணி தாண்டிச் சில நிமிஷங்களில், நேராக நட்டுவைத்த குழாய்க்குப் பக்கத்தில் நிழலே விழாது. நீயே வைத்துப் பார். கன்னியாகுமரியில் இந்த நாள் ஏப்ரல் மாத முற்பகுதியிலேயே வந்துவிடும். டில்லியில் என்றைக்குமே வராது. ஒரே நாளில் ஊருக்கு ஊர் நிழல் வேறுபடுவதை வைத்துத்தான் 2,200 ஆண்டுகளுக்கு முன் எரட்டோஸ்தனீஸ் என்ற கிரேக்கர் பூமியின் சுற்றளவையே கணக்கிட்டார். அவருக்கு ராக்கெட்டும் இல்லை, வேறு கருவிகளும் இல்லை.

நிற்க. அடுத்த சீட்டுதான் இன்றைய கூட்டத்துக்கே முக்கியமானது. அப்படியே படிக்கிறோம்: “கிரகணம் இன்ன நாள் இன்ன மணிக்கு என்று பஞ்சாங்கம் ஒரு வருஷத்துக்கு முன்பே சொல்லுகிறது. சொன்னபடியே நடக்கிறது. அப்படியிருக்க, அதே பஞ்சாங்கம் சொல்லும் நல்ல நேரம், ராகு காலம், சனிப் பெயர்ச்சிப் பலன் ஆகியவை மட்டும் எப்படிப் பொய்யாகும்?”

இதை எழுதியவரை நாம் மெச்சுகிறோம். நம் நாட்டில் ஜோசியம் இன்றைக்கும் உயிரோடு இருப்பதற்கு இந்த வாதம்தான் மூச்சு. பாமர மனிதன் பயத்தினால் நம்புகிறான். எம்.ஏ., பி.எல். படித்தவன் இந்த வாதத்தினால் நம்புகிறான். ஆகையால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கிரகணம் எப்படி உண்டாகிறது? சந்திரன் பூமியைச் சுற்றுகிறது. பூமி சூரியனைச் சுற்றுகிறது. சூரியனுக்கும் பூமிக்கும் நடுவில் சந்திரன் வந்தால் அதன் நிழல் நம்மேல் விழும். அது சூரிய கிரகணம். பூமியின் நிழலுக்குள் சந்திரன் நுழைந்தால் சந்திர கிரகணம். அப்படியானால் ஒவ்வொரு அமாவாசையும் பௌர்ணமியும் கிரகணமாக இருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். சந்திரன் போகும் பாதை, சூரியன் போவதாக நமக்குத் தோன்றும் பாதைக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டு பாதைகளும் இரண்டே இடத்தில்தான் ஒன்றையொன்று வெட்டுகின்றன. அமாவாசையோ பௌர்ணமியோ அந்த இடத்துக்குப் பக்கத்தில் நேர்ந்தால் மட்டுமே கிரகணம். அந்த இரண்டு இடங்களுக்கு வைத்த பெயர்தான் ராகு, கேது. அங்கே தலையுமில்லை, உடலுமில்லை, பாம்புமில்லை, ஒரு பிடி மண் கூட இல்லை. வயலில் இரண்டு வரப்புகள் கூடும் மூலைக்கு ஒரு பெயர் வைத்து, அதற்குப் பசிக்கிறது, அது சந்திரனை விழுங்குகிறது என்றால் எப்படியிருக்குமோ அப்படித்தான் இது.

இந்தச் சுற்றுகள் எல்லாம் கணக்குத் தவறாமல் நடப்பதால், 18 வருஷமும் பத்துப் பதினொரு நாளும் ஆனால் ஏறக்குறைய அதே கிரகணம் மறுபடியும் வரும். 2007 ஆகஸ்டு 28 இல் ஒரு முழுச் சந்திர கிரகணம் வந்தது. அதன் அடுத்த பிறப்புத்தான் 2025 செப்டம்பர் 7 இரவு வந்த கிரகணம். அதற்கு அடுத்தது 2043 செப்டம்பரில் வரும். இதைச் சொல்ல ஞானதிருஷ்டி வேண்டியதில்லை. பழைய குறிப்புகளைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும். பாபிலோன் நாட்டார் கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே களிமண் பலகையில் எழுதிவைத்து இதைக் கண்டுகொண்டார்கள்.

ஆகவே பஞ்சாங்கத்தில் இரண்டு சரக்குகள் ஒரே அட்டைக்குள் தைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று கணக்கு, மற்றொன்று பலன். கணக்கை வானத்தோடு ஒப்பிட்டுச் சரியா தப்பா என்று பார்க்கலாம். பலனை எதனோடு ஒப்பிடுவது? உங்களுக்குத் தெரிந்த சங்கதியாகவே சொல்லுகிறோம். இவ்வழியாக 1856 ஜூலை 1 இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னாட்டின் முதல் ரயில் ஓடிற்று. அதிலிருந்து ரயில்வேக்காரர்கள் அட்டவணை போடுகிறார்கள். வண்டி இத்தனை மணிக்கு வேப்பம்பட்டுக்கு வரும் என்று அட்டவணை சொல்லுகிறது, வருகிறது. அதற்காக ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய், “ஐயா, அந்த வண்டியில் நம் பெண்ணைப் பார்க்க வருகிற மாப்பிள்ளை நல்லவனா, கெட்டவனா? குடிப்பானா? பிள்ளை பிறக்குமா?” என்று யாராவது கேட்பார்களா? கேட்டால் அவர் நம்மைப் பார்த்துச் சிரிப்பார். அவர் யோக்கியர்; தமக்குத் தெரிந்தது வண்டி வரும் நேரம்தான் என்பது அவருக்குத் தெரியும். ஜோசியன் சிரிப்பதில்லை. ஒரு தேதியைச் சொல்லி, இருபத்தொரு ரூபாய் வைக்கச் சொல்லுகிறான்.

ராகு காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை ஏழரை மணி முதல் ஒன்பது மணி வரை ராகு காலம் என்று தினசரிக் காலண்டர் சொல்லுகிறது. அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் இவ்வூரில் சம்பாதிக்கிறவர்களில் பாதிப்பேர் ரயிலில் தொங்கிக்கொண்டு அம்பத்தூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போகிறீர்கள். ராகு காலமென்று ஒரு திங்கட்கிழமை வீட்டிலிருந்து பாருங்கள்; பலன் உடனே தெரியும், முதலாளி சொல்லுவான். வயிற்றுப் பிழைப்புக்கு ராகு தடையில்லை. கல்யாணப் பேச்சுக்கும் கடைத் திறப்புக்கும் மட்டும் தடையாம். மேலும், 1906 க்கு முன் சென்னைக்கென்று தனி நேரம் இருந்தது. இந்திய ரயில்வேக்கள் வெகுகாலம் அந்தச் சென்னை நேரத்தையே கைக்கொண்டிருந்தன. பிறகு நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்று வைத்தபோது சென்னைக் கடிகாரம் 9 நிமிஷம் முன்னுக்குத் தள்ளப்பட்டது. அன்றைக்கு ராகுவும் தன் கடிகாரத்தைத் தள்ளி வைத்துக்கொண்டானா என்று நாம் கேட்கிறோம்.

சனிப் பெயர்ச்சியோ இதைவிட வேடிக்கை. நம் நாட்டில் வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என்று இரண்டு இருப்பது உங்களுக்குத் தெரியும். சனி கும்ப ராசிக்குப் போன நாள் திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. அன்றுதான் திருநள்ளாற்றில் பெருங்கூட்டம் கூடிற்று. நடுவிலுள்ள அந்தப் பதினொரு மாதமும் சனி எந்த வீட்டில் குடியிருந்தார்? ஒரு பஞ்சாங்கத்தின்படி ஏழரைச் சனி தொடங்கிவிட்டவனுக்கு மற்றொன்றின்படி தொடங்கவில்லை. இருவரிடமும் பரிகாரத்துக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள். ஒருவருக்காவது திருப்பிக் கொடுத்ததாக நாம் கேள்விப்படவில்லை. சனியோ, தனக்கு இப்படி இரண்டு வீடு இருப்பதறியாமல், இருபத்தொன்பதரை வருஷத்துக்கு ஒரு தரம் சூரியனைச் சுற்றிக்கொண்டு தன் பாட்டில் போகிறது. அதன் ஒளி இங்கு வந்து சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகிறது. ஒரு சிறு தொலைநோக்கி வைத்துப் பார்த்தால் சுற்றிலும் வளையத்தோடு அவ்வளவு அழகாயிருக்கும். பார்த்த குழந்தைகள் மறுபடியும் பார்க்க வேண்டும் என்று அழுமே தவிரப் பயந்து அழாது.

இந்த இரண்டு பஞ்சாங்கச் சண்டை பழைய சண்டை. இதில் நாம் மரியாதையோடு சொல்ல வேண்டிய ஒரு பெயருண்டு. நுங்கம்பாக்கத்தில் 1792 இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் கட்டிய வான ஆராய்ச்சி நிலையம் ஒன்றிருந்தது. தமிழிலும் தெலுங்கிலும்கூடக் கல்வெட்டு வெட்டிய அதன் கருங்கல் தூண் நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. அங்கே உத்தியோகம் பார்த்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்தவர். 1867 இல் ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1868 இல் வனபர்த்திக்குப் போய் முழுச் சூரிய கிரகணத்தைக் கருவி வைத்து அளந்தார். 1874 டிசம்பர் 9 இல் சுக்கிரன் சூரியனுக்குக் குறுக்கே கடக்கப் போவதை ஜனங்களுக்கு விளக்கித் தமிழ் உட்படப் பல பாஷைகளில் புத்தகம் போட்டார். அப்படிப்பட்டவர், பழைய வாக்கியக் கணக்கு வானத்தோடு ஒத்துவரவில்லை, கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும் என்று சொல்லித் திருத்திய பஞ்சாங்கமும் வெளியிட்டார். பண்டிதர்கள் பலர் ஒப்பவில்லை. முன்னோர் சொன்னது தப்பாகுமா என்றார்கள். அவர் எந்த ஜாதியில் பிறந்தார் என்பதல்ல நமக்கு முக்கியம். ஏடு ஒன்று சொல்லி வானம் வேறொன்று காட்டினால் வானத்தை நம்பு என்று அவர் சொன்னாரே, அதுதான் முக்கியம். அன்றியும், பஞ்சாங்கக் குடும்பத்திலேயே பிறந்த ஒருவர் கணக்கைத் திருத்தத் துணிந்தபோது, பஞ்சாங்கத்தை வாங்குகிற நாம் பலனைச் சந்தேகிக்கப் பயப்படுகிறோமே!

அடுத்தது ஒரு தாயார் எழுதியது. “என் மருமகளுக்கு ஆறு மாதம். கிரகணத்தன்று அரிவாள்மனை தொட்டால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும், தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்கிறார்கள். உண்மையா?”

அம்மா, உண்மையல்ல. குழந்தையின் மேலுதடு கர்ப்பத்தின் 4 ஆவது வாரத்திலிருந்து 7 ஆவது வாரத்துக்குள் கூடி முடிந்துவிடுகிறது. உங்கள் மருமகளுக்கு ஆறு மாதம். அந்தக் குழந்தையின் உதடு எப்போதோ உருவாகிவிட்டது. 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு நிழல் அதைத் திறக்காது. கிரகண பயமே அறியாத நாடுகளிலும் உதடு பிளந்த குழந்தைகள் பிறக்கின்றன. அதற்குப் பரம்பரைக் கூறுகளும், சில மருந்துகளும், புகையும், தாய்க்குச் சத்துக் குறைவும் காரணமாகலாம் என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். அப்படிப் பிறந்தாலும் அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே ரண சிகிச்சை செய்து சரிப்படுத்துகிறார்கள். இதில் நமக்கு ஆத்திரம் வருவது எங்கேயென்றால், அப்படி ஒரு குழந்தை பிறந்துவிட்டால் ஊரெல்லாம் கூடி, “நீ அன்றைக்கு என்ன நறுக்கினாய்?” என்று அந்தப் பெண்ணைக் கேட்கிறார்களே, அங்கேதான். பெற்ற வலியும் அவளுக்கு, பழியும் அவளுக்கு. வயிற்றில் பிள்ளை வைத்திருப்பவளைப் பகல் முழுதும் இருட்டறையில் அடைத்துத் தண்ணீர் கொடுக்காமல் வைப்பதுதான் உண்மையான ஆபத்து.

சந்திர கிரகணத்தில் தீட்டு என்ன இருக்கிறது? 2025 செப்டம்பர் 7 இரவு 11 மணி முதல் நள்ளிரவு தாண்டி 22 நிமிஷம் வரை சந்திரன் முழுதும் நிழலில் செம்பு நிறமாக இருந்தது. பூமியின் விளிம்பிலுள்ள காற்றின் வழியாக வளைந்து போகும் சிவந்த வெளிச்சம் அதன்மேல் விழுவதால் அந்த நிறம். உலகத்தில் அந்த நேரத்தில் நடக்கும் எல்லாக் காலைச் சிவப்பும் மாலைச் சிவப்பும் சேர்ந்து சந்திரனில் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று பெரிய கோயில்கள் பலவற்றில் நடை சாத்தினார்கள். ஆனால் இங்கிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய காளஹஸ்தியில் எந்தக் கிரகணத்துக்கும் நடை சாத்துவதில்லை. அன்றைக்குத்தான் விசேஷ பூஜை. ஒரே நிழல், ஒரே இரவு. ஒரு கோயிலில் தீட்டு, மற்றொரு கோயிலில் வருமானம். நாம் அன்றிரவு மாடியில் உட்கார்ந்து சந்திரனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். ஊறுகாய் ஜாடியில் தர்ப்பையும் போடவில்லை. ஊறுகாய் நன்றாகவே இருந்தது.

“அருந்ததி என்பது உண்மையில் நட்சத்திரமா?” என்று ஒருவர். நட்சத்திரந்தான். சித்திரை, வைகாசி மாதங்களில் இரவு எட்டு ஒன்பது மணிக்கு வடக்கே பார்த்தால் சப்தரிஷி மண்டலம் தெரியும். அதன் வாலில் நடுவிலுள்ளது வசிஷ்டர். ஒட்டினாற்போல் மங்கலாயிருப்பது அருந்ததி. பகல் பத்து மணி முகூர்த்தத்தில் வெயிலில் நிற்கவைத்து, அதோ பார் அருந்ததி என்றால், பெண் கூரையைப் பார்த்துத் தெரிகிறது என்று தலையாட்டுகிறாள். புதுக் குடித்தனம் பொய்யில் ஆரம்பமாகிறது! தொலைநோக்கியில் பார்த்தவர்கள் வசிஷ்டர் ஒருவரல்ல, நான்கு நட்சத்திரங்கள் என்று கண்டார்கள். அருந்ததிக்கும் ஒரு துணை நட்சத்திரம் இருப்பதை 2009 இல் கண்டுபிடித்தார்கள். ஆக மொத்தம் ஆறு பேர். பதிவிரதா தர்மத்துக்கு உதாரணம் காட்டுகிறவர்கள் இதற்கு என்ன வியாக்கியானம் செய்வார்களோ நமக்குத் தெரியாது.

அவற்றின் தூரம் என்னவென்று கேட்டால், மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடும் ரயிலில் ஏறினால் சந்திரனுக்கு ஒன்பது மாதத்தில் போகலாம். சூரியனுக்கு 285 வருஷம். சூரியனுக்கு அடுத்த நட்சத்திரம் 40 லட்சம் கோடி கிலோமீட்டர். ரயில் கணக்கு அங்கே உதவாது. ஒளி வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. அது சூரியனிலிருந்து இங்கு வர 8 நிமிஷமும் 20 வினாடியும். அடுத்த நட்சத்திரத்திலிருந்து 4 வருஷத்துக்கு மேல். அருந்ததியிலிருந்து சுமார் 80 வருஷம். நீங்கள் இன்று காணும் அருந்ததி உங்கள் பாட்டன் காலத்து அருந்ததி. மேலுலகம் எங்கே என்று கேட்கிற இன்னொரு சீட்டுக்கும் இதிலேயே பதில் சொல்லிவிடுகிறோம். 1977 செப்டம்பர் 5 இல் அமெரிக்கர் அனுப்பிய வாயேஜர் 1 என்ற யந்திரம் இப்போது 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் போய்க்கொண்டிருக்கிறது. வழியில் வைகுண்டமோ கைலாசமோ தட்டுப்பட்டதாக அது இதுவரை தெரிவிக்கவில்லை.

“சூரியன் எதனால் எரிகிறது? விறகு தீர்ந்து போகாதா?” இந்தக் கேள்விக்குப் பதிலின் ஒரு துண்டு நம் பக்கத்திலேயே கிடைத்தது. 1868 ஆகஸ்டு 18 முழுச் சூரிய கிரகணத்தின்போது, முழுக்குப் போட ஆற்றுக்கும் கடலுக்கும் போனவர்கள் எத்தனையோ பேர். குண்டூரில் ழான்சென் என்ற பிரெஞ்சுக்காரரும், மசூலிப்பட்டணத்தில் சென்னை வான நிலையத்துப் போக்சனும் சூரியனைப் பார்த்து அதன் ஒளியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. அது பூமியில் அதுவரை யாரும் அறியாத ஒரு வாயுவின் அடையாளம் என்று பின்னால் விளங்கிற்று. அதுதான் ஹீலியம். சூரியனில் வினாடிக்குச் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுகிறது. அதில் 40 லட்சம் டன் வெளிச்சமாகவும் வெப்பமாகவும் போய்விடுகிறது. 460 கோடி வருஷமாக இப்படி நடக்கிறது. இன்னும் சுமார் 500 கோடி வருஷத்துக்குச் சரக்கிருக்கிறது. ஆகவே சீட்டெழுதியவர் கவலைப்பட வேண்டாம்.

நட்சத்திரங்கள் சாகும்போது என்ன ஆகும் என்பதைக் கண்டதில் சென்னைப் பிரசிடென்ஸி காலேஜில் படித்த சந்திரசேகருக்குப் பெரும் பங்குண்டு. 1930 இல், 19 வயதில், சீமைக்குப் போகும் கப்பலில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். அவிந்துபோன நட்சத்திரம் சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் கனமாயிருந்தால் அந்த நிலையில் நிற்க முடியாது என்று கண்டார். 1935 இல் எடிங்டன் என்ற உலகப் பிரசித்தி பெற்ற பெரியவர் சபையிலேயே அதைப் பரிகசித்தார். பரிகசித்தவர் பெரியவர், ஆனால் கணக்கு சந்திரசேகருடையதுதான் நின்றது. 1983 இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த எல்லையை நெருங்கும் நட்சத்திரங்களில் சில வெடித்துச் சிதறுகின்றன. நம் இரத்தத்திலுள்ள இரும்பில் ஒரு பெரும் பங்கு அப்படி வெடித்த நட்சத்திரங்களில் வெந்ததுதான். முகத்தில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று சொல்லுகிறவர்களின் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். அதே இரும்பு. ஒரு ஜாதிக்கென்று தனி நட்சத்திரம் வெடித்ததாக எந்த வானசாஸ்திரியும் எழுதவில்லை.

கடைசியில் கோபமாக எழுதப்பட்ட சீட்டு. “எங்கள் தெருவில் சாக்கடை இல்லை, சந்திரனுக்கு ராக்கெட் விட்டு என்ன பிரயோஜனம்?”

கோபம் நியாயமானது. சந்திரனில் யந்திரத்தை இறக்கத் தெரிந்த நாட்டில் சாக்கடைக் குழிக்குள் மனிதன் இறங்கிச் சாகிறான் என்பது வெட்கக்கேடு. ஆனால் குற்றம் ராக்கெட்டின் பேரில் இல்லை. சந்திரயான் 3 க்கு ஆன செலவு சுமார் 615 கோடி ரூபாய். தலைக்கு நாலரை ரூபாய்க்கும் குறைவு. சாக்கடைப் பணம் அங்கே போகவில்லை. எங்கே போயிற்று என்று உங்கள் வீட்டுக்கு ஓட்டுக் கேட்க வருகிறவர்களைக் கேளுங்கள். இங்கிருந்து வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்புகிற ராக்கெட்டுகள் வெறும் வேடிக்கைக்கல்ல. 1999 இல் ஒரிஸ்ஸாவில் அடித்த புயலில் ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். 2013 இல் அதே கரையில் பைலின் என்ற கடும்புயல் அடித்தபோது, வானத்துக் கருவிகளால் முன்கூட்டி அறிந்து லட்சக்கணக்கானவர்களை அப்புறப்படுத்தினார்கள்; இறந்தவர் 50 பேருக்குள்தான்.

ஆனால் நமக்கும் ஒரு கோபமுண்டு. ராக்கெட்டின் சிறு மாதிரி ஒன்றைத் திருப்பதி மலைக்குக் கொண்டுபோய்ப் பூஜை செய்வது வழக்கமாகியிருக்கிறது. பத்திரிகைகளில் படமும் வருகிறது. 2019 இல் சந்திரயான் 2 புறப்பட்டபோதும் பூஜைக்குக் குறைவில்லை. செப்டம்பர் 7 அதிகாலையில் அதன் இறங்கு கலம் சந்திரனில் மோதி நொறுங்கிற்று. பிறகு என்ன செய்தார்கள்? பரிகாரம் செய்தார்களா? இல்லை. என்ஜின்கள் எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகமாகத் தள்ளிவிட்டன, கலம் போதிய வேகத்தில் திரும்ப முடியவில்லை, இறங்கக் குறித்த இடமும் மிகச் சிறியது என்று கண்டுபிடித்தார்கள். அரைக் கிலோமீட்டர் சதுரமாயிருந்த இடத்தை நாலு கிலோமீட்டருக்கு இரண்டரை என்று விரித்தார்கள். கால்களைப் பலப்படுத்தினார்கள், எண்ணெயை அதிகப்படுத்தினார்கள். நாமக்கல் ஜில்லாவில் சித்தம்பூண்டி, குன்னமலை கிராமங்களில் கிடைக்கிற பாறை சந்திரனிலுள்ள பாறையை ஒத்தது. அதை டன் கணக்கில் கொண்டுபோய் இடித்துப் பொடியாக்கிப் பரப்பிச் சோதனை செய்திருக்கிறார்கள். விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் தலைமையில் செய்த சந்திரயான் 3, 2023 ஆகஸ்டு 23 மாலை சந்திரனின் தென்பகுதியில் பத்திரமாக இறங்கிற்று. இதில் மலைக்குப் போன மாதிரியின் வேலை எது, சித்தம்பூண்டிக் கல்லின் வேலை எது என்பதை நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

நேரமாகிவிட்டது. ரயிலுக்குப் போக வேண்டியவர்கள் இருக்கிறீர்கள். இன்னும் ஒரே சீட்டு: “அடுத்த கிரகணத்தை நாங்கள் எப்படிப் பார்ப்பது?”

2031 மே 21 புதன்கிழமை நடுப்பகலை ஒட்டி ஒரு சூரிய கிரகணம் வருகிறது. தென் தமிழ்நாட்டில் வளையமாகத் தெரியும். வேப்பம்பட்டில் சூரியனின் பெரும்பகுதி மறைந்து பிறைபோல் தெரியும். தீட்டில்லை, ஆனால் வெறுங்கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள். கிரகணமில்லாத நாளிலும் சூரியனை உற்றுப் பார்த்தால் கண் கெடும். கிரகணத்தன்று கூச்சம் குறைவதால் அதிக நேரம் பார்த்துவிடுவோம், அவ்வளவுதான். கறுப்புக் கண்ணாடி, எக்ஸ்ரே படம், மஞ்சள் கரைத்த தண்ணீர் எதுவும் உதவாது. அதற்கென்று செய்த கண்ணாடி விற்கிறார்கள், கிடைக்காதவர்கள் ஒரு தபால் கார்டில் ஊசியால் துளை போட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, துளை வழியாகத் தரையில் விழும் வெளிச்சத்தைப் பாருங்கள், பிறை தெரியும். கார்டும் இல்லாவிட்டால் வேப்பமரத்தடிக்குப் போங்கள். இலைகளின் சந்து வழியே விழுகிற ஒவ்வொரு வெளிச்சப் பொட்டும் அன்று ஒரு பிறையாக இருக்கும். பிள்ளைகளையும் கர்ப்பிணிப் பெண்களையும் கூட அழைத்துப் போங்கள். குடிக்கத் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். மே மாத வெயில்.